எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நீரிழிவுப் பராமரிப்பு: திருகோணமலை

இரைப்பையைச் சுருக்கும் அல்லது சிறுகுடலின் பாதையை மாற்றும் (பைபாஸ்) சத்திரசிகிச்சை செய்துகொண்ட இரண்டாம் வகை நீரிழிவு நோயாளரின் குருதிச் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முறை. இலங்கையில் இச்சத்திரசிகிச்சை பெரும்பாலும் கொழும்பை அண்டிய பெரிய வைத்தியசாலைகளில் நடக்கிறது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து கொழும்பு தரைவழியே சுமார் 260 கிலோமீற்றர். ஆகவே அடுத்துவரும் ஆண்டுகளின் பராமரிப்பு நகரம், சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என அவரவர் ஊர்க் கிளினிக்கிலும் வீட்டுக் குசினியிலுமே நடந்தாக வேண்டும். சத்திரசிகிச்சையின் பலன் நிலைப்பது பெரிதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் போரிஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட 146 நீரிழிவு நோயாளரில் 121 பேரின் சீனி இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. எடை இறங்குமுன்பே, சில நாட்களிலேயே சீனி இறங்கியது பலரை வியக்கவைத்தது. உணவு குறைவது ஒரு காரணம். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவில் அடைந்து, இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஓமோனைப் பெருக்குவது இன்னொன்று. இந்தப் பலன் காலப்போக்கில் தேயவும் கூடும். கிளீவ்லாந்து கிளினிக்கின் ஸ்டாம்பீட் ஆய்வில், சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6 வீதத்துக்கு மேற்படாதிருந்தவர்கள் பைபாஸ் குழுவில் ஓராண்டு முடிவில் 42 வீதம். ஐந்தாண்டு முடிவில் 29 வீதம். மருந்து மட்டும் பெற்ற குழுவில் அது 12 வீதத்திலிருந்து 5 வீதமாகியது.

முதல் வாரங்களில் அஞ்ச வேண்டியது சீனி கூடுவதை விட அது திடீரென விழுவதையே. கிளினிக் கொப்பியில் உள்ள பழைய அளவைப் பார்த்து இன்சுலினையும் கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளையும் தொடர்வது உயிராபத்தாகலாம். கிளிக்கிளசைட் வழக்கமாக நிறுத்தப்படும், இன்சுலின் குறைக்கப்படும். இன்சுலின் இன்றியமையாதவர்கள் அதை முற்றாக நிறுத்தவும் கூடாது. எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளைச் சத்திரசிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்துவார்கள். உண்ண முடியாத நிலையில் அவற்றை எடுத்தால், குளுக்கோமீற்றர் நல்ல இலக்கம் காட்டும்போதே இரத்தம் அமிலமாகிவிடலாம். மெற்ஃபோமினைப் பெரும்பாலும் தொடரலாம். மெதுவாகக் கரையும் வகை உகந்ததல்ல.

நாட்டின் கோதுமை மாவைப் பெருமளவில் அரைக்கும் பிறீமா ஆலை 1980 முதல் சீனக்குடாவில் இயங்குகிறது. பாணும் ரொட்டியும் கொத்தும் இங்கே அன்றாட உணவு. சீனி போட்ட தேநீரும் பாணுமாகக் காலை எட்டு மணிக்கு உண்டவருக்கு, பத்து மணியளவில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருளலாம். உணவு சிறுகுடலில் வேகமாக இறங்க, சீனி சடுதியாக ஏறி, அதற்கு எதிராக இன்சுலின் மிகையாகச் சுரப்பதன் விளைவு இது. உணவுக்கு 1 முதல் 3 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு ஓராண்டு கழித்தே தோன்றும். பைபாஸ் செய்தவர்களில் அதிகம். அளவு 70 மி.கி./டெ.லீ.க்குக் கீழென்றால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறியபின் அவித்த முட்டையோ கடலையோ உண்டால்தான் மீண்டும் விழாது. மயங்குபவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இப்படிச் சீனி விழுவதைத் தடுப்பதற்கான வழி தட்டிலேயே உண்டு. பாரையோ சூரையோ முதலில், மரக்கறி அடுத்து, பிட்டும் சோறும் கடைசியாகக் கொஞ்சம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. மீனுக்குப் பஞ்சமில்லாத கரையில் புரதத்துக்கு விலையுயர்ந்த மாப்பொடிகளை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது இப்பகுதிக்குள்ள வாய்ப்பு.

முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் மாவட்டம் இது என்பதால் நோன்பைப் பற்றி வைத்தியர் கேட்காவிட்டாலும் நோயாளரே சொல்லிவிட வேண்டும். முதல் ஆண்டில் நோன்பைத் தவிர்ப்பது பாதுகாப்பு. பிறகு நோற்பவர்கள் பேரீச்சம்பழத்தையும் சர்பத்தையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், நோன்புக் கஞ்சியைச் சிறு கோப்பையில் மெதுவாகக் குடிக்கலாம்.

மருந்தின்றி மூன்று மாதமாவது எச்பிஏ1சி 6.5 வீதத்துக்குக் கீழிருந்தால் நோய் தணிந்ததாக 2021இன் சர்வதேச வரையறை கொள்கிறது. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். அது எச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். விற்றமின் பி12ஐ மெற்ஃபோமினும் குறைப்பதால் இரும்பு, பி12 இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். சீனி வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு சிலருக்கு மோசமாகலாம். கண் பரிசோதனையையும் கைவிடக்கூடாது.

கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் செய்யும் சோதனை பைபாஸ் செய்தவர்களுக்கு ஏற்றதல்ல. தாய்மார் கிளினிக்கில் முதல் நாளே இதைத் தெரிவித்தால், அதற்குப் பதிலாக 24 முதல் 28 வாரங்களுக்கிடையில் ஒரு வாரம் வீட்டிலேயே விரல்நுனி இரத்தத்தில் சீனியை அளந்து பார்க்கச் சொல்வார்கள்.