ஏற்காட்டில் மீன் வறுவல் சாப்பிடுறீங்களா? உங்க தட்டுக்கும் கடல் நீரோட்டத்துக்கும் என்ன தொடர்பு?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போயிருக்கீங்களா? கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பக்கத்துக் கடற்கரைக்குப் போகவே 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆனாலும் படகுச் சவாரி முடிஞ்சதும் பசிக்குதுன்னு ஒரு கடையில் உட்கார்ந்தால், தட்டில் வஞ்சிரம் வறுவல் வந்து நிற்கும்!

'ஐஸ் பெட்டியில வெச்சு லாரியில ஏத்திட்டு வந்திருப்பாங்க, இதுல என்ன அதிசயம்?'னு கேட்கலாம். அந்த மீனின் பயணத்தில் லாரி கடைசிக் கட்டம் மட்டும்தான். அதற்கு முன்னால் காற்று, நீரோட்டம், நிலா எல்லாம் சேர்ந்து அதற்குச் சாப்பாடு போட்டிருக்கின்றன. அந்தச் சமையலில் நீங்க நிற்கிற ஏற்காடு மலைக்கும் ஒரு பங்கு உண்டு. எப்படின்னு பார்ப்போம், வாங்க.

மீனுக்கு யார் சோறு போடுறாங்க?

நிலத்தில் புல், செடி, மரம் மாதிரி, கடலில் எல்லா உயிர்களுக்கும் அடிப்படை உணவு பிளாங்டன். தமிழில் மிதவை உயிரிகள். பேருக்கு ஏற்ற மாதிரி, நீர் இழுக்கிற பக்கமெல்லாம் மிதந்து போகிறவை. இதில் வெயிலை வைத்து உணவு தயாரிக்கும் தாவர வகையும் உண்டு, அதைத் தின்னும் விலங்கு வகையும் உண்டு. பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது. ஆனால், உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில்தான் நடக்குது!

கணக்கு இதுதான். ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும். ஒரு கிலோ வஞ்சிரம் வளர, சுமார் 10 கிலோ மத்தி மாதிரியான சின்ன மீன் வேணும். அந்த 10 கிலோவுக்கு 100 கிலோ விலங்கு மிதவை உயிரிகள். அதற்கு 1,000 கிலோ தாவர மிதவை உயிரிகள். உங்க தட்டில் இருக்கிற துண்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பச்சை வயலே இருக்கு.

கிணற்றில் குதிச்சவங்களுக்குப் புரியும்

இந்த வயலில் ஒரு சிக்கல். வெயில் மேலே இருக்கு, உரம் கீழே இருக்கு. கடலில் செத்த உயிர்கள், கழிவுகள் எல்லாம் மெல்ல மூழ்கிவிடும். அதனால் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் அடியாழத்தில் சேர்ந்துவிடும்.

ஆழக் கிணற்றில் குதிச்ச அனுபவம் இருக்கா? மேலே தண்ணீர் வெதுவெதுப்பா இருக்கும். உள்ளே போகப் போகக் கால் சில்லுனு ஆகும். வெதுவெதுப்பான நீர் லேசானது, அதனால் மேலேயே நிற்கும். குளிர்ந்த நீர் கனமானது, கீழேயே கிடக்கும். ரெண்டும் சுலபத்தில் கலக்காது. கடலிலும் இதே கதைதான். யாராவது கலக்கிவிட்டால்தான் உரம் மேலே வரும். அந்தக் கலக்கிவிடுற வேலையைத்தான் காற்றும் நீரோட்டமும் செய்யுது.

தென்மேற்குப் பருவக்காற்றின் வேலை

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் காற்று வீசும். பூமி சுழல்வதால், காற்று தள்ளுகிற மேல்மட்ட நீர் நேராகப் போகாமல் வலது பக்கம், அதாவது கரையை விட்டு ஆழ்கடல் பக்கம் விலகிப்போகும். காலியான இடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்ந்த, சத்தான நீர் மேலே ஏறி வரும். இதற்கு 'மேலெழு நீரோட்டம்'னு பேர். அதன்பின் கடல் பச்சைப் பசேல்தான். மத்தி கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வருவதும் இதைத் தின்னத்தான். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வெட்ஜ் பேங்க் மீன்வளத்துக்குப் பேர் போனதற்கும் இந்தக் கலக்கல் ஒரு முக்கியக் காரணம்.

வங்காள விரிகுடா வேற மாதிரி. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணான்னு பெரிய ஆறுகள் எல்லாம் இங்கேதான் கொட்டுது. நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட லேசானது. அது ஒரு மூடி மாதிரி மேலே பரவிக்கிடக்கும். அதனால் அடியிலிருக்கும் சத்து மேலே வருவது கஷ்டம். அரபிக்கடலைவிட இங்கே மிதவை உயிரிகள் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். புயல் வந்தால் அந்த மூடி கொஞ்சம் உடையும். புயல் கடந்த பாதையில் கடல் பச்சையாவதை செயற்கைக்கோள் படங்களிலேயே பார்க்கலாம்.

நம்ம கிழக்குக் கரையோர நீரோட்டம் திசையையும் மாற்றிக்கொள்ளும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி. மீனவர்கள் இதை எந்தக் கருவியும் இல்லாமலே கவனிச்சு வந்திருக்காங்க. வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு காற்றுக்கு ஒவ்வொரு பேர். தென்கரையில் நீரோட்டத்துக்கு 'நீவாடு'ன்னு தனியாக ஒரு சொல்லே இருக்கு. இப்போ ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம், கடல் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் எங்கே கிடைக்கலாம்னு மீனவர்களுக்குத் தகவல் அனுப்புது.

நிலா ஓட்டுற பஸ்

அடுத்தது ஓதம். கடல் ஏறி இறங்குவது. ஏறத்தாழ 24 மணி 50 நிமிடத்தில் ரெண்டு முறை ஏறும், ரெண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இந்த வித்தியாசம் 10 மீட்டர் அளவுக்குப் போகும். தமிழ்நாட்டுக் கரையில் பொதுவாக ஒரு மீட்டர் அளவுதான்.

அந்த ஒரு மீட்டரே போதும், பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் உயிரோடு இருக்க. இறாலை எடுத்துக்கோங்க. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முதலில் மிதவை உயிரிகளாகவே வாழும். பிறகு வளர்வதற்குக் கழிமுகத்துக்குள் வரணும். அவ்வளவு தூரம் நீந்தத் தெம்பு கிடையாது. அதனால் ஒரு உத்தி: கடல் உள்ளே ஏறும்போது மேலே எழும்பி நீரோடு போகும். இறங்கும்போது தரையில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டிய பஸ் வந்தால் ஏறி, தப்பான பஸ்ஸை விட்டுடுவோமே, அது மாதிரிதான்!

ஏற்காடு எங்கே வருது?

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாறு, சரபங்கா வழியாகக் காவிரியில் சேருது. ரெண்டுமே மேட்டூர் அணைக்குக் கீழே சேர்பவை. அங்கிருந்து டெல்டா, அதற்குப் பிறகு கடல்.

அந்தத் தண்ணீர் வெறுங்கையோடு போவதில்லை. மலை உச்சியில் பாக்சைட் கிடைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. மழை நீண்ட நெடுங்காலம் பாறையைக் கரைத்து, அதிலிருந்த சிலிக்காவை அடித்துக்கொண்டு போன பிறகு மிச்சமாக நின்றதுதான் பாக்சைட். அப்படிக் கரையும் சிலிக்கா ஆற்றோடு கடலுக்குப் போகும். அங்கே டயாட்டம் என்ற மிதவை உயிரி, தன் உடலைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஓடு கட்டிக்கொள்ள அதைத்தான் பயன்படுத்துது. மத்திக்கு மிகவும் பிடித்த உணவுகளில் டயாட்டம் ஒன்று. மலைப்பாறை மீனாக மாறும் கதை இதுதான்.

ஆனால், இப்போ ஆற்றில் போவது சிலிக்கா மட்டும் இல்லை. சேலத்தைக் கடக்கும் திருமணிமுத்தாறு சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துதான் போகுது. சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிகம். அணைகளும் சிலிக்காவைத் தேக்கி வைத்துக்கொள்ளும். உலகின் பல ஆறுகளில் இந்த விகிதம் மாறும்போது, டயாட்டம் குறைந்து வேறு வகைகள் தலைதூக்கும்.

மிதவை உயிரி எது பெருகினாலும் நல்லதுன்னு நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல நிறத்தில் மின்னின வீடியோ ஞாபகம் இருக்கா? ஷேர் பண்ணாதவங்களே இல்லை. அது நாக்டிலூகா என்ற மிதவை உயிரியின் ஒளி. அடுத்த மாதமே மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கேயும் பெருகியது நாக்டிலூகாதான். அளவுக்கு மீறிப் பெருகும்போது நீரில் ஆக்சிஜன் குறைஞ்சு போகும்.

என்ன பணயத்தில் இருக்கு?

கேரளாவில் 2012-ல் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021-ல் வெறும் 3,297 டன்! எல் நினோ போன்ற கடல் வெப்ப மாற்றங்களையும், குஞ்சு மீன்களைப் பிடித்ததையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்றாங்க. மேற்கு இந்தியப் பெருங்கடலில் 60 ஆண்டுகளில் தாவர மிதவை உயிரிகள் 20 சதவிகிதம் வரை குறைஞ்சிருக்குன்னு, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு 2016-ல் சொன்னது. மேல்மட்டம் சூடாக ஆக, கீழிருக்கும் உரம் மேலே வருவது இன்னும் கஷ்டம். மத்தியை நம்பி இருக்கிறவங்க மீனவர்களும், குறைந்த விலையில் சத்தான மீன் வாங்கும் குடும்பங்களும்தான்.

நாம என்ன செய்யலாம்?

* மாம்பழம் மாதிரி மீனுக்கும் சீசன் உண்டு. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏற்காடு கோடை விழா நடக்கும் மே மாதம் இதற்கு நடுவில்தான் வருது! அப்போ 'வஞ்சிரம்தான் வேணும்'னு அடம்பிடிக்காம, மேட்டூர் அணை மீன் கிடைச்சா சாப்பிட்டுப் பாருங்க.
* விரல் நீளம்கூட வளராத வஞ்சிரக் குஞ்சையோ மத்திக் குஞ்சையோ வாங்காதீங்க. அது முட்டையிடாமலே போன மீன்.
* நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன்களைச் சாப்பிடுங்க. மேலே சொன்ன கணக்குப்படி, இவற்றுக்குச் செலவாகும் மிதவை உயிரிகள் ரொம்பக் குறைவு.
* மலையில் ஓடையைப் பார்த்தால் பாட்டிலையும் தட்டையும் தூக்கிப் போடாதீங்க. அந்த ஓடையின் கடைசி ஸ்டாப் கடல்.

அடுத்த முறை ஏற்காட்டில் மழை பெய்யும்போது, சாலையோரம் ஓடும் தண்ணீரைக் கொஞ்சம் பாருங்க. நாளைக்கு உங்க தட்டுக்கு வரப்போகும் மீனுக்கான சாப்பாடு அதில் போய்க்கிட்டு இருக்கு.