பைலாவின் பழங்கதையும் பாட்டின் சுவையும்

ஒரு பாட்டைக் கேட்டு இன்புறுதற்கு அதன் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டுமோ என்னும் வினா சாத்திரிய இசையைப் பற்றி எழுமாயின் விடை கூறுதல் எளிது. இராகமும் தாளமும் வாக்கேயகாரர் மரபும் பயின்றவன் பயிலாதவனினும் கூடுதலாக நுகர்வான் என்பதை யாவரும் உடன்படுவர். பொதுமக்கள் பாடியும் ஆடியும் மகிழும் மெல்லிசையைக் குறித்து அவ்வினா எழும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. கலியாண வீட்டு முற்றத்திலே பைலாப் பாட்டொன்று தொடங்கியதும், அதுவரை கதிரையை விட்டு அசையாதிருந்த பெரியவரின் கால் தானே தாளம் போடுகின்றது. அக்காலுக்கு எந்த வரலாறு தெரியும்?

இன்பம் அறிவுக்காகக் காத்திருப்பதில்லை என்பதற்கு இலங்கை வானொலியின் கதையே தக்க சான்றாகும். 1952ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர், மக்களின் இசைச் சுவை சீர்கெட்டு வருகின்றதெனக் கருதி, அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களைக் குறைத்துச் சாத்திரிய இசைக்கு முதன்மை அளித்தார். தொன்மையான இசை மரபை மக்கள் அறிந்தாற் சுவை தானே உயரும் என்பது அவர் துணிபு. நேர்ந்ததோ வேறு. கேட்போர் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். அவ்வாண்டிலேயே கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' இந்தியா எங்கணும் புகழ் பெற்றது. ஈற்றில் 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மெல்லிசைக்கென 'விவித் பாரதி' என்னும் சேவையை அகில இந்திய வானொலியே தொடங்க வேண்டியதாயிற்று. கேஸ்கர் இசையறிவிற் குறைந்தவரல்லர். அறிவைச் சுவையின் வாயிற்காவலனாக நிறுத்தியதே அவர் செய்த பிழை.

இவ்வளவிற் கொண்டு, மெல்லிசைக்கு வரலாறு வேண்டியதில்லை என முடித்துவிடலாமோ? பைலாவையே எடுத்து நோக்குவோம்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழரிடையே 'பொப் இசை' என்னும் புதுவகைப் பாடல்கள் பரவின. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பட்டிதொட்டியெங்கும் முணுமுணுக்கப்பட்டது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' கடல் கடந்து சென்று 1977ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம்பெற்றது. இவ்வகைப் பாடல்கள் பலவற்றின் உயிர்நாடி பைலாத் தாளமே. மும்மூன்றாய் இரு கூறுபட்டு ஆறு சிற்றெண்ணிக்கையாய்த் துள்ளுவது அது. நம்மவர் வழக்கிற் கூறின் திஸ்ர நடையோடு உறவுடையது. சிங்களத்திலே இத்தாளத்தைப் பெருவழக்காக்கியவர் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் ஆவர். 1940களின் பிற்பகுதியில் அவர் அதற்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடினார். அவரும் அதனைப் புதிதாகப் படைத்தாரல்லர். 'காபிரிஞ்ஞா' எனப் பறங்கியர் வீடுகளில் ஆடப்பட்டு வந்த ஆடலிசையிலிருந்தே அவர் அதனை எடுத்தார்.

இங்கே சொற்களே வழிகாட்டுகின்றன. பைலா என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. காபிரிஞ்ஞா என்பதன் முற்பகுதி ஆபிரிக்கரைச் சுட்டும். தமிழர் காப்பிலியர் என்றும் சிங்களவர் காபிரி என்றும் வழங்குவது அவர்களையே. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்து, 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசையும் கைக்கொண்ட போர்த்துக்கேயர், கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளையும் படைவீரரையும் இங்கு கொணர்ந்தனர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டதோடு போர்த்துக்கேயர் ஆட்சி ஒழிந்தது, அடிமைத்தனம் ஒழியவில்லை. கொழும்பிலே நாம் கொம்பனித்தெரு என வழங்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று பெயர் அமைந்தது ஒல்லாந்தர் தம் அடிமைகளை அங்கு வைத்திருந்தமையாலேயாம். பின்வந்த ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைத் தம் பட்டாளங்களிற் சேர்த்தனர். இன்று கலியாண வீட்டிலே களிப்பையன்றி வேறொன்றையும் நினைவூட்டாத துள்ளலுக்குப் பின்னே, தாயகம் திரும்பாத மனிதரின் காலடி கேட்கின்றது.

இவ்வரலாற்றை அறியாதார் இருவகைப் பிழைக்கு ஆளாகின்றனர். ஒரு சாரார், பைலா நேற்றுவந்த அந்நியக் கூத்து, நம் பண்பாட்டைக் கெடுக்க வந்தது என்பர். கதிரையில் அமர்ந்து, மேசையில் வைத்த பாணைத் தின்று, அலுமாரியைத் திறந்து சட்டையை எடுத்து, சப்பாத்தணிந்து புறப்படும் ஒருவர் இதனைக் கூறுவதே வேடிக்கை. இச்சொற்கள் போர்த்துக்கேயம் தந்தவை என்பதை அவர் நினைப்பதில்லை. நானூறு ஆண்டுக்கு மேலாக இந்நாட்டிற் பயின்ற ஒன்றை நேற்று வந்ததென எங்ஙனம் கூறுவது? மற்றொரு சாரார், சாத்திரிய இசையோ பிறகலப்பற்றது என எதிர்வைத்துப் பேசுவர். கருநாடக இசைக் கச்சேரியின் இன்றியமையாப் பக்கவாத்தியமாகிய வயலின் ஐரோப்பியக் கருவி. அதனை ஐரோப்பியரிடமிருந்து கற்று நம்மிசைக்கு ஏற்றவருள் முதன்மையானவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ (1775–1835) ஆங்கிலேய வாத்தியக் குழுவினரின் மெட்டுக்கள் பலவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். அவற்றுள் ஒன்று ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. மும்மூர்த்திகளுள் ஒருவருக்கு இழுக்காகாத கலப்பு, மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டிற் காபிரிஞ்ஞாவுக்கு அதே வயலினை வாசிக்கும்போது மட்டும் இழுக்காவது எப்படி? கருவி ஒன்றே. சபாமண்டபமும் கலியாணப் பந்தலுமே வேறு.

ஆயின் வரலாறு அறிந்தவனுடைய இன்பம் மிகுமோ குறையுமோ என்பது இன்னும் எஞ்சி நிற்கின்றது. குறையும் என்பாரும் உளர். அடிமையின் கதையை அறிந்தபின் எவ்வாறு ஆடுவது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒருகணம் கால் தயங்கவே செய்யும். எனினும் அத்தாளத்தை உண்டாக்கியோர் அழுதற்காக மட்டும் அதனை உண்டாக்கினாரல்லர். பகல் முழுவதும் பிறர்க்கு உழைத்த உடல், இரவிலே தனக்கென அசைந்தபோது பிறந்த துள்ளல் அது. அதனை அறிந்து ஆடுபவன் அவர்களுடைய மகிழ்ச்சியிற் பங்குகொள்கிறான். அறியாதவன் தன் மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறான். இருவர் காலும் ஒருபடித்தாகவே அசையும். பார்ப்பவர்க்கு வேற்றுமை தெரியாது. அறிவினால் வரும் ஒரு தீங்கையும் மறைத்தலாகாது. பாட்டுத் தொடங்கியதும் அதன் பிறப்பிடத்தை அயலாருக்கு உரைக்கத் தொடங்குபவர் பாட்டையும் கேளார், பிறரையும் கேட்கவிடார். அத்தகையோரைக் கச்சேரிகளிலும் காணலாம்.

புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் சில இன்றும் வாழ்கின்றன. அன்றாடம் அவர்கள் பேசுவது சிங்களம். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி நாவினின்றும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 'மஞ்ஞா' எனப்படும் அவர்களுடைய பாடல்களில் மட்டும் அம்மொழி தங்கியிருக்கின்றது. மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைவுபெறும் அப்பாடல்களை, கொட்டுக்கருவிகளோடு தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, போத்தல் முதலியவற்றையும் தட்டித் தாளமிட்டுப் பாடி ஆடுவர். பாடுகின்ற சொற்களிற் பலவற்றின் பொருள் இளையோருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. பொருள் தெரியாமலே ஆடுகின்றனர்; ஆடலில் யாதொரு குறையுமில்லை. ஆயினும் அச்சொற்கள் எங்கிருந்து வந்தன, தம் முன்னோர் யாவர் என்று கேட்டு வருவோரிடம், தாம் மூத்தோரிடங் கேட்டவற்றை எடுத்துரைத்தபின்னரே அவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்குகின்றனர்.