வாடகை முன்பணமும் வீட்டுப் பிரவேசமும்

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அண்டி வாழும் தொழிலாளர் குடியிருப்புகளில், வாடகைக்கு வருபவரிடம் சென்னை நகர வழக்கத்தையொட்டிப் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சகஜமாயினும், அதற்கு ஒரு வரம்பு வகுத்திருப்பது 22-2-2019 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 ஆகும். இது நீக்கிய 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதைத் தடுத்திருந்தது. புதியதோ மூன்று மாதம் என்று வரையறுத்து, வேறுவிதமான உடன்பாடு இருந்தாலொழிய என்ற விலக்கையும் சேர்த்துக்கொண்டது. ஏழைத் தொழிலாளி கையெழுத்திடும் பத்திரத்தில் அவ்விலக்கே விதியாகிவிடக்கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் போதிய அளவு சிந்தித்ததாகத் தோன்றவில்லை.

வீட்டைக் காலி செய்தபின், வாடகைதாரர் தரவேண்டிய நியாயமான பாக்கியைக் கழித்து, எஞ்சிய தொகையை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். பழுது பார்க்கவோ பரிசோதிக்கவோ பிரவேசிக்க விரும்பும் உரிமையாளர், காரணத்தையும் நேரத்தையும் குறித்து, 24 மணி நேரத்துக்கு முன்னரே எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். தம்மிடமுள்ள மாற்றுச் சாவி அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்து நிர்ப்பந்திப்பதும் விலக்கப்பட்டதே. இவ்விதத் துண்டிப்பு நேரின், துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் தொழிற்சாலை தனக்குச் சொந்தமான கட்டடத்தை ஊழிய ஒப்பந்தத்தின் அங்கமாகத் தன் தொழிலாளருக்கு அளித்திருந்தால், அங்கு இச்சட்டம் செல்லாது.