மிஞ்சும் ஒரு நாள்

ஓராண்டுக்கு எத்தனை வாரங்கள் என்று வினவினால், ஐம்பத்திரண்டு எனப் பள்ளிச் சிறுவரும் விடை தருவர். பெருக்கிப் பார்த்தால் 364 நாட்களே வரும். ஒரு நாள் மிஞ்சும். லீப் ஆண்டில் இரு நாட்கள் மிஞ்சும். அதனாலேயே ஒரே தேதி ஆண்டுதோறும் கிழமை மாறி வருகிறது. குறைபோலத் தோன்றும் இந்த மிச்சம் வரலாற்றுக்குப் பெருந்துணை ஆயிற்று.

நம் பேரூரிலும் அவிநாசியிலும் கொங்குச் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் கிறிஸ்து ஆண்டு இராது; மன்னனின் ஆட்சியாண்டே இருக்கும். ஆனால் இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல, மாதத்தோடு திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றையும் குறிக்கின்றன. இவையனைத்தும் ஒருநாளில் கூடுவது எல்லா ஆண்டிலும் நேர்வதன்று. எனவே கிழமையைச் சான்றாகக் கொண்டு ஆண்டைக் கண்டறியலாம். இப்பணிக்கெனக் கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாட்களை அட்டவணைப்படுத்தி 1922-இல் வெளியிட்டவர், சென்னைச் சட்டசபையின் தலைவராகவும் விளங்கிய எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925).

கிழமையை இவ்வளவு நம்பலாமா? 1582-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியபோது பத்துத் தேதிகள் நீக்கப்பட்டன. அக்டோபர் 4, வியாழன். மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. தேதித் தொடர் அறுந்தது. வாரத் தொடர் அறவில்லை.

2017 சனவரியில் நம் பங்கின் மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். "போறதுக்குள்ள எனக்கு வயசு எத்தனைன்னு தெரிஞ்சுக்கோணுமுங்க சாமி" என்றார். பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினோம். அப்பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. பழனிக்குக் காவடிகள் சென்ற தைப்பூசத்தன்று, செவ்வாய்க்கிழமை பிறந்ததாகத் தாய் சொன்னது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. ஆண்டு தாதுவா, அதற்கு முந்தியதா, பிந்தியதா என்பதில் ஐயம்.

கணக்கிட்டோம். யுவ ஆண்டின் தைப்பூசம் 1936-இல் வியாழனன்று வந்தது. ஈசுவர ஆண்டில், 1938-இல், அது செவ்வாயில் வரவில்லை. இடைப்பட்ட தாது ஆண்டில் மட்டும் 1937 சனவரி 26, செவ்வாய்! வரும் குடியரசு நாளில் அவருக்கு எண்பது நிறைகிறது என்றோம்.

"அது எத்தனை வாரமுங்க?" என்றார். சந்தையும் வாரக்கூலியும் ஞாயிறு பூசையுமாக வாழ்ந்தவர்க்கு வாரமே அளவு. 4,174 வாரங்களும் இரண்டு நாட்களும் என்றோம். "அந்த ரெண்டு நாளு எதுக்குங்க சாமி?" எனச் சிரித்தார். அத்தகைய மிச்ச நாட்கள் இல்லையேல் தைப்பூசச் செவ்வாய் அவர் ஆண்டைக் காட்டியிராது என்பதை அவருக்கு விளக்க முற்பட்டோம். முழுதும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் தம் வயதை இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டே சென்றார்.

மன்னர்க்குக் கல் இருந்தது. இவருக்குத் தாய் சொன்ன கிழமை இருந்தது. அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோர் பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் கிழமையையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஆண்டைப் பின்னர்க் கண்டுகொள்ளலாம்.