கடலில்லாத ஊரில் உப்பு ஆலை

சேலம் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. வாழப்பாடிச் சமையலறைக்கு உப்பு என்றைக்கும் வெளியூர்ச் சரக்குதான். பொதிமாட்டில் உப்பேற்றி வந்து தானியத்துக்கு மாற்றிப்போன உப்புக் குறவர்கள், 1860-களில் சேலம் வழியே ரயில் ஓடத் தொடங்கியதும் பிழைப்பிழந்தார்கள்.

இப்படிப்பட்ட மாவட்டத்தில்தான் 1936-ல் காஸ்டிக் சோடா செய்யும் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. மூலப்பொருள், கடல் உப்பு!

காரணம் மின்சாரம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 1937-ல் மின்நிலையம் ஓடியது. உப்பை மூட்டையில் கொண்டுவந்துவிடலாம், அதைப் பிரிக்கும் மின்சாரம் அணையடியில் கிடைத்தது.

கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். சோடியத்தின் அணு நிறை 23, குளோரினுடையது 35.5; இரண்டும் சேர்ந்த உப்புக்கு 58.5. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் 117 கிலோ உப்பும் 36 கிலோ தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ காஸ்டிக் சோடா, 71 கிலோ குளோரின், 2 கிலோ ஹைட்ரஜன் ஆகும். இந்தப் பக்கம் 153, அந்தப் பக்கமும் 153. ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் உப்பு வேண்டும்.

அதுவும் சுத்தமான உப்பாக இருந்தால்தான். ஐப்பசி அடைமழையில் ஜாடிக் கல்லுப்பு நீர்விட்டுக் கசிகிறதே, அது பெரும்பாலும் உப்போடு ஒட்டிவந்த மெக்னீசியம் குளோரைடின் வேலை. கால்சியமும் சல்பேட்டும்கூட உடன் வரும். ஆலையில் உப்பை முதலில் தண்ணீரில் கரைப்பார்கள். சோடியம் கார்பனேட் சேர்த்தால் கால்சியம் வெள்ளை வண்டலாகப் படியும். கொஞ்சம் காஸ்டிக் சோடா விட்டால் மெக்னீசியம் கொழகொழவென்று திரண்டு இறங்கும். பேரியம் உப்பு சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வடிகட்டல். மெல்லிய சவ்வைக் கொண்டு மின்பகுக்கும் இன்றைய முறைக்கு இதுவும் போதாது. கால்சியம், மெக்னீசியம் இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டினாலே சவ்வு கெட ஆரம்பிக்கும்.

1965-ல் மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டிலிருந்து அலுமினாவைக் கரைத்தெடுக்கக் காஸ்டிக் சோடா வேண்டும். அது உற்பத்தியானது அதே ஊரில். மேட்டூர் கெமிக்கல்ஸ் பின்னாளில் சன்மார் குழுமத்தின் கைக்கு வந்தது.

வாழப்பாடிப் பக்கம் மோல் கணக்கு நடத்தும் ஆசிரியர்கள் அடுத்த முறை மேட்டூரைச் சொல்லி நடத்துங்கள். 117-ம் 80-ம் பிள்ளைகள் மனதில் நிற்கும்.