புகையிலைப் பூவும் வெள்ளைச் சேவலும்

சுமத்ராத் தீவின் வடபகுதியில் இருக்கும் மேடான் நகரத்தில் ‘கம்போங் மெட்ராஸ்’ என்று ஒரு பேட்டை இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே நம்மவர்களுக்கு மனம் குளிரும். முன்பு அதற்குக் ‘கம்போங் கெலிங்’ என்று பெயர். ‘கெலிங்’ என்ற சொல் நாளடைவில் வசைச் சொல்லாகிவிட்டபடியால், பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1884-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோயில் வாசலில் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். அவருடைய தமிழில் பாதிக்கு மேல் மலாய் கலந்திருந்தது. “ஐயாவுக்குப் பூர்வீகம் எது?” என்று கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம், நாகப்பட்டினத்துப் பக்கம் என்று ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். “பாட்டன் எங்கேயிருந்து வந்தாரோ, யாருக்குத் தெரியும் தம்பி? நமக்கு ஊர் இதுதான். எங்க ஊர் டீம் தெரியுமா உனக்கு? அயாம் கினந்தான்!” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ‘அயாம் கினந்தான்’ என்றால் உடல் முழுதும் வெள்ளையான சேவல் என்று அவரே விளக்கினார். சண்டைக்கு அஞ்சாத சாதியாம். அன்று அவர் மாரியம்மனைப் பற்றிச் சொன்னதைவிட அந்தச் சேவலைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், ஒரு கால்பந்துச் சங்கத்தின் சரித்திரத்துக்குள் ஒரு நகரத்தின் சரித்திரமே அடங்கியிருப்பதைக் கண்டேன்.

கதை புகையிலையில் தொடங்குகிறது. 1863-ல் ஜேக்கப் நியென்ஹூய்ஸ் என்ற டச்சுக்காரர் டெலி சுல்தானின் சீமைக்கு வந்து புகையிலை பயிரிட்டார். அந்த மண்ணில் விளைந்த இலை மெல்லியது. சுருட்டின் மேலே சுற்றுவதற்கு அதைப்போல வேறு இலை இல்லை என்று ஐரோப்பிய வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். 1869-ல் டெலி கம்பெனி பிறந்தது. காடு அழிந்தது, தோட்டம் பரந்தது, மேடான் என்ற சிற்றூர் நகரமாயிற்று. சீனர்களையும் ஜாவாக்காரர்களையும் தமிழர்களையும் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1880-ல் ஒரு கூலிச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை மீறி ஓடிய கூலியைப் பிடித்துத் தண்டிக்க அது இடம் கொடுத்தது. நம்மவர்கள் பெரும்பாலும் சாலை போட்டார்கள், சாக்கடை வெட்டினார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் மனிதர்கள் ஒருவரோடொருவர் சேர்வதற்கு என்ன வழி? துரைக்கு ஒரு கிளப், சீனருக்கு ஒரு தெரு, தமிழருக்கு ஒரு பேட்டை, பட்டக்காரருக்கு ஒரு மாதாகோயில், மலாய்க்காரருக்கு ஒரு மசூதி. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, சாமியும் வேறு. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது பந்து ஒன்றுதான்.

1950 ஏப்ரல் 21-ந் தேதி ஆறு கிளப்புகள் ஒன்றுகூடி ஒரு சங்கத்தை அமைத்தன. அல் வதன், சஹாதா, மேடான் ஸ்போர்ட், மேடான் புத்ரா, டெலி கம்பெனியின் கிளப், ஆறாவதாக ‘இந்தியன் ஃபுட்பால் டீம்’. இந்த ஆறாவது பெயரைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் வாசகர்கள் மன்னிப்பார்கள். அதன் பிரதிநிதியாக வந்தவர் தேஜா சிங் என்ற சீக்கியர். அப்போது இந்தோனேஷியக் குடியரசே முழுதாக ஒன்றுசேரவில்லை. கிழக்குச் சுமத்ரா தனி ராஜ்யமாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அது கலைந்து நாட்டோடு இணைந்தது. ராஜ்யங்கள் சேர்வதற்கு நான்கு மாதம் முன்பே பந்தாடுகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள்!

சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், ‘மேடானும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த கால்பந்துச் சங்கம்’ என்று வரும். சுருக்கமாக பி.எஸ்.எம்.எஸ். அந்தச் ‘சுற்றுப்புறம்’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னமாக டெலிப் புகையிலையின் இலையையும் பூவையும் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பயிருக்காகத் தங்கள் பாட்டன்மார் முதுகொடிந்தார்களோ, அதையே நெஞ்சில் அணிந்துகொண்டு ஆட வந்தார்கள்.

1953-ல் தேசிய விளையாட்டு விழா மேடானில் நடந்தது. அதற்காக ‘தெலாடன்’ என்ற அரங்கத்தைக் கட்டினார்கள். தெலாடன் என்றால் முன்மாதிரி என்று பொருள். அந்த விழாவில் கால்பந்துத் தங்கம் வடசுமத்ராவுக்கே கிடைத்தது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பலம் பொருந்திய சோவியத் ரஷ்யாவோடு இந்தோனேஷியா கோல் இல்லாமல் சமமாக ஆடி உலகத்தைத் திகைக்க வைத்தது. அந்தக் கோஷ்டியில் மேடானின் ரம்லான் யாத்திம் இருந்தார்.

1967-ல் பி.எஸ்.எம்.எஸ். முதன்முதலாக நாட்டின் சாம்பியன் ஆயிற்று. 1969-லும் 1971-லும் மறுபடியும் பட்டம். இடையில், 1970-ல் ஆசியச் சாம்பியன் கிளப்புகளின் பந்தயத்துக்காகத் தெஹ்ரான் வரை போய், நான்காம் இடம் பெற்றுத் திரும்பியது. அவர்களுடைய ஆட்டத்துக்கு ‘ராப்-ராப்’ என்று ஊரார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வேகம், முரட்டுத்தனம், கடைசி விசில் வரை விட்டுக்கொடுக்காமை எல்லாம் அதில் அடக்கம். அழகான ஆட்டம் என்று யாரும் சொன்னதில்லை. 1975-ல் ஜகார்த்தாவின் பெர்சிஜாவோடு ஆடிய இறுதிப் பந்தயம் கைகலப்பில் முடிந்து, பாதியில் நின்றுபோய், இரண்டு கோஷ்டியையும் கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சேவல் என்றால் சேவல்தான்!

1983-ல் பாண்டுங் நகரத்தின் பெர்சிபை பெனால்டி உதைகளில் வென்றார்கள். 1985 பிப்ரவரி 23-ந் தேதி அதே பெர்சிபோடு மறுபடியும் இறுதிப் பந்தயம். ஜகார்த்தாவின் செனயான் அரங்கில் அன்று கூடியவர்கள் 1,50,000 பேர் என்று கணக்கு. இருக்கைகள் போதாமல் ஆடுகளத்தின் கோட்டோரம் வரை ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மேடான் 2-0 என்று முன்னணியில் இருந்தது. பெர்சிப் இரண்டையும் திருப்பியது. மீண்டும் பெனால்டி. கோல்கீப்பர் பொனிரின் மேகா காவல் நிற்க, மேடான் 2-1 என்று வென்றது. அந்த இரவைப் பற்றிச் சொன்னபோது கோயில் வாசல் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். “பேட்டையிலே ஒருத்தரும் தூங்கலை தம்பி. சீனன், பட்டக், தமிழன், எல்லாரும் ரோட்டுலே!”

அதுதான் கடைசிப் பட்டம்.

ஏன்? பெரியவரிடம் கேட்டால், “பணம் வந்தது, குணம் போச்சு” என்று முடித்துவிடுவார். விஷயம் அவ்வளவு எளிதல்ல. அந்தக் காலத்து ஏற்பாடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பி.எஸ்.எம்.எஸ். உண்மையில் ஒரு கிளப் அல்ல. பல கிளப்புகளின் சங்கம். ஊருக்குள் கிளப்புகள் தங்களுக்குள் மோதும். அவற்றில் தேறியவர்களைப் பொறுக்கி நகரத்தின் கோஷ்டி அமையும். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. தோட்டத்திலோ, வங்கியிலோ, சர்க்கார் இலாகாவிலோ ஓர் உத்தியோகம் உண்டு. கால் ஓய்ந்த பிறகும் சோறு போட அது இருந்தது. ஒவ்வொருவனும் ஏதோ ஒரு தெருவின் பிள்ளை. அவன் கோல் போட்டால் அந்தத் தெருவே கோல் போட்டதாக அர்த்தம்.

காசு கொடுத்து ஆடவைக்கும் முறை அதே மேடானில்தான் முளைவிட்டது என்பது வேடிக்கை. டி. டி. பர்தேதே என்ற நெசவாலை அதிபர் தம் ஆலையின் பெயரால் ‘பர்தேதெக்ஸ்’ கோஷ்டியை அமைத்து, நல்ல ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். 1979-ல் தொழில்முறைக் கோஷ்டிகளுக்கென்று ‘கலாதாமா’ என்ற தனிப் போட்டி தொடங்கியது. 1994-ல் நகரச் சங்கங்களையும் தொழில்முறைக் கோஷ்டிகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். பந்தி ஒன்றுதான், ஆனால் ஒருவர் மடியில் காசு இருந்தது, மற்றவர் மடியில் இல்லை. நகரச் சங்கங்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் ஆட்டக்காரர்களைத் தேடத் தொடங்கின. அதற்கான பணம் நகரசபையின் கஜானாவிலிருந்து, அதாவது வரி கொடுக்கிற ஜனங்களின் பையிலிருந்து வந்தது. ஊருக்குள் நடக்கும் பந்தயங்களுக்கு மதிப்புக் குறைந்தது. விளைநிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, சந்தையில் நெல் வாங்குகிறவன் கதை.

2007-ம் ஆண்டுப் பந்தயங்களில் பி.எஸ்.எம்.எஸ். இறுதி வரை போயிற்று. 2008 பிப்ரவரியில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் பலெம்பாங்கின் ஸ்ரீவிஜயாவிடம் 3-1 என்று தோற்றது. தோல்வி பெரிதல்ல. அரையிறுதி நாளில் நேர்ந்த கலவரத்தின் விளைவாக அந்த ஆட்டத்தைப் பார்வையாளர்களே இல்லாமல் நடத்தினார்கள். 1,50,000 பேர் நெரித்த இறுதி ஒன்று. காலி இருக்கைகளின் முன்னே நடந்த இறுதி ஒன்று. இரண்டுக்கும் இடையே 23 வருஷம்.

அடுத்த பருவத்திலேயே கீழே இறங்கிவிட்டது. 2011-ல், தொழில்முறைக் கால்பந்துக்கு உள்ளூர் ஆட்சிகள் பொதுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று உள்நாட்டு அமைச்சகம் தடை போட்டது. தடை நியாயமானது என்றே நான் சொல்லுவேன். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் அது. ஆனால் ஊன்றுகோலைப் பிடுங்கியபோது, கால்கள் பழக்கம் மறந்திருந்தன. அதே சமயத்தில் தேசியச் சங்கத்தில் மூண்ட சண்டையால் இரண்டு லீக்குகள் ஏற்பட்டு, இரண்டு பி.எஸ்.எம்.எஸ். கோஷ்டிகள் ஒரே பெயரில் ஆடின. 2013-ல் சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரர்கள் ஜகார்த்தா வரை போய் முறையிட்டார்கள். அந்தக் காலத்தில் உத்தியோகமாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

2017-ல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறினார்கள். ஏற்றிவிட்டவர் யார் தெரியுமா? எண்பதுகளில் பெர்சிபுக்காக ஆடிய ஜஜாங் நூர்ஜமான்! பழைய எதிரியே வந்து கைகொடுத்தார். ஆனால் 2018-ல் 18 கோஷ்டிகளில் கடைசி இடம், மறுபடியும் கீழே.

ஒரு சங்கம் தோற்பதற்காக நான் வருந்தவில்லை. தோல்வி இல்லாமல் ஆட்டம் ஏது? மனத்தை உறுத்துவது அந்த ‘சுற்றுப்புறம்’ என்ற சொல்தான். பெயரில் இன்னும் இருக்கிறது. அணியில் அது எவ்வளவு இருக்கிறது? கூலிச் சட்டம் பிரித்து வைத்த மனிதர்களை ஒரே மைதானத்தில் நிறுத்திய ஏற்பாடு அது. அதைப் பணத்தால் வாங்கவில்லை. ஆகவே பணத்தால் மீட்கவும் முடியாது. தெருக்களில் மறுபடியும் பந்து உருள வேண்டும்.

விடைபெறும்போது பெரியவரிடம் தேஜா சிங்கின் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். முகம் மலர்ந்தது. “நம்ம ஆளு தம்பி!” என்றார்.

“அவர் சீக்கியர் அல்லவா?” என்றேன்.

என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “அதனாலே என்ன? மேடான்காரர்தானே?” என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குள் போனார்.