ஓர் ஆசானும் ஓர் எழுத்தாளரும்: தொரப்பள்ளி தரும் பாடம்

ஓசூருக்கு அண்மையில், சில கல் தொலைவில், தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே அரசினர் நினைவில்லமாகப் போற்றிவரும் எளிய வீடு ஒன்றுண்டு. 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் அவ்வூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். ஓசூர்ப் பள்ளியில் பயின்ற சிறுவர், பின்னர் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் சென்னையிலும் கற்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாநில முதலமைச்சராகவும் விளங்கிய ராஜாஜியின் அரசியலை நாடறியும். நாம் ஈண்டு எண்ண விழைவது அரசியலை அன்று. எழுதத் துடித்த ஓர் இளைஞரை எழுத்தாளராக்கிய ஆசான் என்னும் நிலையில் அவரை நோக்குவோம்.

ஆசானின் பெருமை மாணவனிடத்தே விளங்கும் என்பதற்கு அறபு இலக்கண வரலாறு நல்ல சான்று. பாரசீகத்திலிருந்து பஸராவுக்கு ஹதீஸ் கற்க வந்த இளைஞர் ஸீபவைஹி, பாடத்தின் நடுவே ஒரு சொல்லைப் பிழைபட உச்சரித்து ஆசிரியரால் திருத்தப்பெற்றார் என்றும், அந்த வெட்கமே அவரை இலக்கணத்தின்பால் திருப்பியது என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். அவரை ஏற்றுக் கற்பித்தவர் இமாம் கலீல் இப்னு அஹ்மத். தாய்மொழி அறபு அல்லாத அந்த இளைஞர் எழுதிய 'அல்-கிதாப்' இன்றும் அறபு இலக்கணத்தின் தலைநூல். அதில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஆசானின் கருத்து எடுத்தாளப்படுகிறது. நம் தமிழ்நாட்டிலும் கடிகைமுத்துப் புலவர் கற்பித்தார். வள்ளல் சீதக்காதி தூண்டினார். அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்றார். அவற்றின் பயனாகவே உமறுப் புலவரின் சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது. கற்பிப்பவர், தூண்டுபவர், சோறளிப்பவர் ஆகிய மூவரும் ஒரு படைப்பாளிக்கு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மூன்றும் ஒருவர்க்கு வாய்த்த கதையே கல்கியின் கதை. தஞ்சைச் சீமைப் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ஊர்க் கணக்கர் ஒருவரின் மகன். திருச்சியில் பள்ளியிறுதி வகுப்பை முடிக்கும் தறுவாயில், 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்தார். மறு ஆண்டே சிறை சென்றார். பட்டம் இல்லை, பதவி இல்லை, சிறைக்குச் சென்றவர் என்ற பெயர் மட்டும் உண்டு. அத்தகைய இளைஞரிடம் உலகியல் அறிந்த பெரியவர்கள் என்ன கூறியிருப்பர் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

ஆயினும் அவருக்கு நல்லாசான்கள் வாய்த்தனர். 1923இல் திரு.வி.க. தம் 'நவசக்தி'யில் துணையாசிரியராக அவரை அமர்த்திக்கொண்டார். இனிய தமிழில் இதழ் நடத்துவது எங்ஙனம் என்பதை அங்கே பயின்றார். பின்னர் ராஜாஜி அவரைத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக்கு அழைத்துக்கொண்டார். 1925இல் அங்கே நிறுவப்பட்ட காந்தி ஆசிரமத்தில் கதர் வேலையும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்குப் பணியும் நடந்துவந்தன. மதுவிலக்கைப் பரப்பும் பொருட்டு 1929இல் 'விமோசனம்' என்னும் திங்களிதழ் தொடங்கப்பெற்றது. ராஜாஜி ஆசிரியர், கிருஷ்ணமூர்த்தி துணை.

இதில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ராஜாஜி அந்த இளைஞருக்கு அளித்தது வெறும் பாராட்டு அன்று. தங்க இடமும் செய்ய வேலையும் எழுத ஏடும் அளித்தார். அதனினும் மேலாக, யாருக்காக எழுதுகிறோம் என்னும் எண்ணத்தை அளித்தார். கள்ளுக்கடையில் கூலியை இழக்கும் எளிய உழவனுக்கு விளங்குமாறு எழுதவேண்டும். அவன் சிரிக்கவும் வேண்டும், சிந்திக்கவும் வேண்டும். பின்னாளில் இலட்சக்கணக்கானோரைக் கட்டியிழுத்த கல்கியின் தெளிந்த நடைக்கு இப்பயிற்சி உரமாயிற்று என்று நாம் கருதுகிறோம். கற்பித்தவரும் அத்தகைய தமிழையே எழுதினார். 1916இலேயே சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கு ஒரு சங்கம் கண்டவர் ராஜாஜி. வேதியியலைத் 'திண்ணை இரசாயனம்' என எளிய தமிழில் தந்தவர். தாம் செய்யாத ஒன்றை அவர் மாணவரிடம் கேட்கவில்லை.

'விமோசனம்' நெடுநாள் நிற்கவில்லை. 1930இல் ராஜாஜி வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை தாங்கினார். கிருஷ்ணமூர்த்தியும் மீண்டும் சிறை புகுந்தார். அதன்பின் அவர் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1941இல் மூன்றாம் முறை சிறை சென்று மீண்டபின், டி. சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். அதற்குப் பொருள் திரட்டும் பொருட்டு எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். ஒரு கலைஞர் தம் கலையால் இன்னொரு கலைஞர்க்கு ஏடு சமைத்துக் கொடுத்த செய்தி இது. 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை', 'பொன்னியின் செல்வன்' ஆகியன அவ்வேட்டில் வளர்ந்தவை.

பின்னர் நடந்தது இன்னும் சுவையானது. ராஜாஜியின் 'வியாசர் விருந்து'ம் 'சக்கரவர்த்தித் திருமக'னும் தொடர்களாக வெளிவந்தது அதே 'கல்கி' இதழில்தான். மாணவருக்கு ஏடு தந்த ஆசானுக்கு மாணவரின் ஏடே மேடையாயிற்று. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். 'அலை ஓசை'க்குச் சாகித்திய அகாதெமி பரிசு 1956இலும், 'சக்கரவர்த்தித் திருமக'னுக்கு 1958இலும் வழங்கப்பெற்றன. மாணவர் முந்த, ஆசான் பின்வந்தார்!

இத்துடன் முடித்தால் புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது. இதே ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, 1953இல், கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொணர்ந்தார். பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் கற்கவேண்டும். எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைப் பயிலவேண்டும். இது குலக்கல்வி என்றும், வண்ணான் மகனை வண்ணானாகவும் குயவன் மகனைக் குயவனாகவும் நிறுத்திவைக்கும் ஏற்பாடு என்றும் நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கைத்தொழிலின் மாண்பைக் கருதியே அதனைக் கொணர்ந்ததாக அவர்தம் அன்பர் கூறுவர். எனினும் நாம் ஒன்று கேட்கவேண்டும். முன்சீப்பின் மகன் ஊர்க் கணக்கைத் தாண்டி நாட்டை ஆளச் சென்றார். கணக்கரின் மகன் கணக்கைத் தாண்டிக் கதை எழுத அவரே துணைநின்றார். தமக்கும் தம் மாணவருக்கும் கிடைத்த அவ்வாய்ப்பு, ஏர் பிடிப்பவர் பிள்ளைக்கும் துணி வெளுப்பவர் பிள்ளைக்கும் வேண்டாமா? ஒருவனுக்கு நல்லாசானாக இருப்பது எளிது. ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் அவ்வாறு இருப்பது அரிது.

இக்கேள்வி தொரப்பள்ளியைச் சுற்றியே இன்று உயிரோடு நிற்கிறது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உருவாயின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், தொழிற்சாலை வேலையைப் பெரும்பேறாகக் கருதுவதில் வியப்பில்லை. பசியை அறிந்தவர்க்கே மாதச் சம்பளத்தின் அருமை தெரியும். ஆனால் தந்தை கடைசல் இயந்திரத்தின்முன் நின்றார் என்பதற்காக மகனும் அங்கேயே நிற்கவேண்டும் என்பது, சட்டமில்லாமலே நடக்கும் பழைய திட்டம் ஆகாதா?

இதனைக் கேட்கும் தகுதி நமக்கு முழுதும் உண்டு என்று சொல்வதற்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டில் உருது பேசும் மாணவர் ஒருவர், தாம் தமிழில் எழுதிய கதைகள் கொண்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை நம்மிடம் தந்தார். சில பக்கங்கள் படித்தோம். பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தோம். "முதலில் ஒரு வேலையைத் தேடிக்கொள்; கதை பிறகு ஆகட்டும்" என்று கூறித் திருப்பித் தந்தோம். அவர் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சென்றார். அண்மையில் ஜும்ஆ தொழுகைக்குப்பின் அவரைக் கண்டு, "இப்போதும் எழுதுகிறீர்களா?" என வினவினோம். சிரித்துக்கொண்டே, "அந்த நோட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை ஹஜ்ரத்" என்றார். அவர் நம்மேல் குறை சொல்லவில்லை. சொல்லாததே நமக்குக் கனமாயிற்று. ஸீபவைஹியின் ஆசிரியர் பிழை திருத்திய செய்தியை எத்தனையோ முறை பாடத்தில் சொல்லியிருக்கிறோம். பிழை திருத்தியபின் கலீல் கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பதை மறந்துவிட்டோம்.

வேலையைத் தேடாதே என்று சொல்ல நாம் இன்றும் துணியோம். கல்கியும் சம்பளத்துக்கு உழைத்தவரே. ஆனால் வேலையும் கலையும் பகையல்ல என்பதை மாணவனுக்குக் காட்டுவது ஆசானின் கடமை. கைக்கடிகாரத்தின் முகப்பை முதலில் காகிதத்தில் வரைபவரும் ஓவியர்தாமே! ஆதலின் நல்லாசான் செய்யவேண்டுவன சிலவே. கொண்டுவந்த ஏட்டை முழுதும் படிக்கவேண்டும். பிழையைச் சொல்லும்போதே நயத்தையும் சொல்லவேண்டும். அச்சேறும் ஓர் இடத்தைக் காட்டவேண்டும். அவ்வேலையால் எவ்வாறு வாழலாம் என்று உடனிருந்து வழிதேடவேண்டும். மாணவன் நம்மை மிஞ்சினால் மகிழவேண்டும்.

தொரப்பள்ளி வீட்டைக் காணச் செல்லும் ஆசிரியர்கள் தம் மாணவரையும் உடனழைத்துச் செல்லட்டும். திரும்பும் வழியில், "நீ என்ன எழுதுகிறாய், என்ன வரைகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். நாம் கேட்கத் தொடங்கிவிட்டோம். இப்போது நம் மேசையின்மேல் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் உள்ளன. இம்முறை சிவப்பு மையை எடுக்குமுன் கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவதென்று உறுதி பூண்டிருக்கிறோம்.